ஞாயிற்றுக்கிழமைச் சம்பளமும் திங்கட்கிழமை வார்டும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டு மின்சாரம் ப்ரீபெய்ட் மீட்டரில் ஓடுகிறது. பணம் கட்டினால் 20 இலக்க எண் ஒன்று வரும். அதை அம்மா ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுச் சொல்லி அழுத்துவார். அப்பா காலமான பிறகு அந்த எண்ணை வாங்கிக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதே ஆண்டில்தான் செவிலியர் படிப்பிலும் சேர்ந்தேன்.

நான் படிப்பது மூன்றாண்டுப் பொதுச் செவிலியர் பட்டயப் படிப்பு. ஆண்டு வருமானம் 3,50,000 ரேண்டுக்கு மேற்படாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு என்எஸ்எஃப்ஏஎஸ் என்ற அரசு மாணவர் நிதியுதவி உண்டு என்று கேள்விப்பட்டு, நமக்கும் கிடைத்துவிடும் என்று நம்பியிருந்தோம். அந்த உதவி அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் அரசுத் தொழிற்கல்லூரிகளுக்கும் உரியது, என்னுடையதைப் போன்ற தனியார் கல்லூரிக்குச் செல்லாது என்பது சேர்ந்த பிறகே தெரிந்தது. இனிச் சேரப் போகும் தங்கைகள், கல்லூரிக்குச் செவிலியர் மன்றத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல், இதையும் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே சனி, ஞாயிறு இரு நாளும் ஒரு துணிக்கடையில் எட்டு எட்டு மணி நேரம் வேலை செய்கிறேன். 2025 மார்ச்சில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 28.79 ரேண்டாக இருந்தது, ஒரு நாளைக்கு 230.32 ரேண்ட் வந்தது. வழக்கமாக ஞாயிறு வேலை செய்பவருக்கு அன்றைக்கு ஒன்றரை மடங்கு தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எனக்கோ பல வாரங்கள் சனிக்கிழமைக் கணக்கிலேயே கொடுத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கு 115.16 ரேண்ட் குறைவு. சம்பளச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு போய்ப் பணிவாகக் கேட்டேன், திருத்திக் கொடுத்தார்கள். கேட்பதற்கு நான் தயங்கிய வாரங்களை நினைத்தால் இன்னும் மனம் வருந்துகிறது.

ஆனால் பணத்தைவிடப் பெரிய பாடத்தை வார்டில்தான் கற்றேன். கடையில் சரக்குக் கணக்கெடுப்பு என்று ஒரு ஞாயிறு இரவு நள்ளிரவு தாண்டியும் நிறுத்திவைத்தார்கள். கூடுதல் பணம் என்று நானும் சம்மதித்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு வார்டில் இருந்தேன். இதயம் பலவீனமான ஒரு மூதாட்டிக்கு 1000 மில்லிலிட்டர் ட்ரிப் எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டும். ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு விழும் குழாய். இருபதாயிரம் சொட்டுகளை 480 நிமிடங்களால் வகுத்தால் நிமிடத்துக்கு 42 சொட்டு. நான் 240 நிமிடங்களால் வகுத்து, 83 என்று எழுதியிருந்தேன். அந்த வேகத்தில் நீர் ஏறினால் அவருடைய நுரையீரலில் தேங்கி மூச்சு முட்டியிருக்கலாம். நல்லவேளையாக, சொட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குழாய் உருளையில் நான் கை வைக்கும் முன் சிஸ்டர் தாளைப் பார்த்துவிட்டு, "மறுபடியும் போடு" என்று மட்டும் சொன்னார். இரண்டாவது முறை எழுதும்போது பேனா நடுங்கியது. கட்டிலில் இருந்தவர் எங்கள் பாட்டியைப் போலவே புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, எதையும் அறியாமல் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்.

அந்த வாரமே கடையில் பேசி, ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மேல் வேலை செய்ய இயலாது என்று சொல்லிவிட்டேன். வருமானம் குறைந்தது, கல்லூரிக் கட்டணத்தின் ஒரு தவணைக்கு அவகாசம் கேட்டு எழுத வேண்டியிருந்தது. "படிப்பை விட்டுடாதே, கண்ணு, கரண்டை நான் பார்த்துக்குறேன்" என்ற அம்மா, புரட்டாசி விரதத்தோடே தீபாவளிக்கான ரவிக்கைகளை இரவு வரை தைக்கத் தொடங்கினார்.

இப்போது ஞாயிறுகளில் ஒன்பது மணிக்கே படுத்துவிடுகிறேன். மீட்டரின் முன் நின்று அம்மா அந்த இருபது இலக்கங்களையும், நான் விழித்துக்கொள்ளக் கூடாது என்று, முணுமுணுப்பாகச் சொல்லி அழுத்துவது அரைத் தூக்கத்தில் கேட்கும்.