கயிறு முதலில் தன்னைத் தூக்க வேண்டும்

ஜோகன்னஸ்பர்க்குக்கு மேற்கே, கார்ல்டன்வில் பக்கத்துத் தங்கச் சுரங்கங்களில் கயிறு பார்ப்பது என் வேலை. ஆட்களையும் பாறையையும் ஏற்றி இறக்கும் வைண்டர், அதன் டிரம், அங்கிருந்து ஷாஃப்ட் என்ற செங்குத்துக் குழிக்குள் தொங்கும் எஃகுக் கயிறு, இவற்றோடுதான் என் நாள் கழிகிறது. பிறந்தது கோலார் தங்கவயலில். அப்பாவும் தாத்தாவும் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் கூண்டில் இறங்கியவர்கள். 2001-ல் அங்கே சுரங்கத்தை மூடியபின் எங்கள் ஊர்க்காரர்கள் பல திசைகளில் போனார்கள். நான் தென்னாப்பிரிக்கா வந்து லெனேசியாவில் குடியேறினேன்.

எங்கள் வைண்டர் ஹவுசில் ஒரு பயிற்சிப் பொறியாளர் இருக்கிறாள். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்த தமிழ்ப் பெண். வீட்டுப் பெரியவர்களிடம் கற்ற தமிழை என்னிடம் ஆசையாகப் பேசுவாள். "அங்கிள், பூமியிலிருந்து விண்வெளிக்கு லிஃப்ட் போடப் போறாங்களாம், 2050-ல். நம்ம கூண்டு மாதிரிதானே? கயிறுதானே எல்லாம்?" என்று ஒருநாள் கேட்டாள். ஜப்பானின் ஒபயாஷி நிறுவனம் 2012-ல் அறிவித்த திட்டத்தைச் சொல்கிறாள். 96,000 கி.மீ. நீளக் கேபிள். அன்றிலிருந்து ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் நாங்கள் இருவரும் போடுவது இந்தக் கணக்குதான்.

கயிறுதான் எல்லாம் என்று அவள் சொன்னது சரி. ஆனால் நீளமான கயிற்றின் முதல் எதிரி அதன் சொந்த எடை. 48 மி.மீ. தடிமனுள்ள எஃகுக் கயிறு மீட்டருக்குச் சுமார் 10 கிலோ இருக்கும். 3 கி.மீ. ஆழம் ஒரே இறக்கமாகப் போகும் ஷாஃப்டுகள் இந்த நாட்டில் உண்டு. அங்கே கயிறு மட்டுமே 30 டன். அறுபடும் வலிமை 190 டன்னை ஒட்டி இருந்தாலும் அவ்வளவையும் தொங்கவிட முடியாது. கயிற்றின் வலிமை சுமையைப் போல எத்தனை மடங்கு இருக்க வேண்டும் என்பதற்கு ஆழ்சுரங்கங்களுக்கு இங்கே ஒரு சூத்திரம் இருக்கிறது: 25,000-ஐ, மீட்டரில் தொங்கும் நீளத்தோடு 4,000 சேர்த்து வரும் தொகையால் வகுக்க வேண்டும். 3,000 மீட்டருக்கு விடை சுமார் 3.6 மடங்கு. ஆக மொத்தச் சுமை 53 டன். அதில் கயிறு 30 டன்னைத் தின்றுவிட்டால் கூண்டுக்கும் சரக்கிற்கும் மிஞ்சுவது 23 டன். ஒரே கூண்டை இரண்டு கயிறுகளால் தூக்கும் பிளேர் வைண்டர் தென்னாப்பிரிக்காவில் பிறந்ததற்குக் காரணமே இந்த நெருக்கடிதான். கிட்டத்தட்ட 4 கி.மீ. ஆழமுள்ள போனெங் சுரங்கத்தில் இன்றும் ஒரே கூண்டில் அடி வரை போக முடியாது, வழியில் இறங்கி வேறு கூண்டில் ஏற வேண்டும்.

இந்தக் கணக்கையே மேல்நோக்கித் திருப்பினோம். நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் சுற்றும் பொருள் பூமியோடு சேர்ந்தே சுழலும். அங்கிருந்து கீழே ஒரு கயிறு, அதைச் சமன் செய்ய மேலே இன்னொரு நீளம். விண்வெளி லிஃப்ட் என்பது அவ்வளவுதான். உயரே போகப் போக ஈர்ப்பு குறைகிறது, சுழற்சியின் வெளிநோக்கிய இழுப்பு கூடுகிறது. எல்லாம் கழித்துப் பார்த்தால், தரையில் உள்ள ஈர்ப்பில் சுமார் 4,900 கி.மீ. கயிறு தொங்குவதற்குச் சமமான பாரம் வருகிறது. நல்ல எஃகு 26 கி.மீ. நீளம் தொங்கினாலே தன் எடையால் அறுந்துவிடும்.

மேலே தடித்தும் கீழே மெலிந்தும் இருந்தால் சமாளிக்கலாம். 1960-ல் ரஷ்யப் பொறியாளர் யூரி அர்த்சுதானவும், 1975-ல் அமெரிக்காவின் ஜெரோம் பியர்சனும் இந்த வழியைத்தான் சொன்னார்கள். எஃகுக்கு அந்தத் தடிப்பு எவ்வளவு என்று அந்தப் பெண் கணக்குப் போட்டாள். மேல்முனையின் குறுக்குப் பரப்பு கீழ்முனையைப் போல 1-க்குப் பின் 82 சுழியம் மடங்கு. காணக்கூடிய பிரபஞ்சத்தில் உள்ள அணுக்களையே 1-க்குப் பின் 80 சுழியம் என்றுதான் மதிப்பிடுகிறார்கள். கெவ்லார் இழைக்கு அது சுமார் 25 கோடி மடங்காக இறங்குகிறது. கார்பன் அணுக்களால் ஆன மிக நுண்ணிய குழாயான கார்பன் நானோகுழாய்க்கு மாறினால்தான் கணக்கு மனித அளவுக்கு வருகிறது. 2018-ல் சீனாவின் சிங்குவா பல்கலைக்கழகத்தார் 80 கிகாபாஸ்கலுக்கு மேல் தாங்கும் நானோகுழாய்க் கற்றையைச் செய்து காட்டினார்கள். அந்த வலிமைக்குத் தடிப்பு 3 மடங்குகூட வேண்டாம்!

இந்த இடத்தில் பலர் கைதட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அப்படிப் போக முடியவில்லை. அந்தக் கற்றை சில சென்டிமீட்டர் நீளம். சோதனைக்கூடத்தில் ஒரு முறை தாங்கியதும், ஆட்களைத் தொங்கவிட்டு ஆண்டுக்கணக்கில் ஓடுவதும் ஒன்றல்ல. 3.5 மடங்கு பாதுகாப்பு வேண்டும் என்று எங்கள் கணக்கை அதில் வைத்தால் தடிப்பு உடனே சுமார் 30 மடங்காகிறது.

வலிமையைவிட என்னை அதிகம் உறுத்துவது பராமரிப்பு. எங்கள் கயிற்றின் கீழ்நுனியை ஆறு மாதத்துக்குள் வெட்டி, அந்தத் துண்டைச் சோதனைக்கூடத்தில் அறுத்துப் பார்க்கிறோம். வலிமை 10 சதவீதம் குறைந்திருந்தால் அந்தக் கயிற்றைக் கழித்துவிடுவோம். இப்படி வெட்ட முடிவதற்குக் காரணம் டிரம்மில் மிச்சக் கயிறு சுற்றி வைத்திருப்பதுதான். விண்வெளிக் கயிற்றை எங்கே வெட்டுவது? நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் 96,000 கி.மீ. கயிற்றைப் பார்த்து முடிக்க மூன்று ஆண்டுகள் ஆகும். அதற்குள் முதலில் பார்த்த பகுதியில் என்ன நடந்ததோ! தாழ்வான சுற்றுப்பாதைகளில் உள்ள செயற்கைக்கோள்களும் குப்பைகளும் நிலநடுக்கோட்டுத் தளத்தைக் கடந்துதான் ஆகவேண்டும், அந்தத் தளத்தில்தான் கயிறு நிற்கும். 1996 பிப்ரவரியில் கொலம்பியா விண்ணோடத்திலிருந்து ஏறக்குறைய 20 கி.மீ. கம்பி ஒன்றை விட்டார்கள். முழுதாக வெளிவரும் முன்பே மின்பொறி சுட்டு அறுந்துபோனது. இழுவிசைக்கு அது தாராளமாகத் தாங்கியிருக்கும். கயிறு எப்போதும் நாம் கணக்குப் போட்ட காரணத்தால்தான் அறும் என்று நினைப்பது ஆபத்து. 1995 மே 10 அன்று ஆர்க்னி அருகே ஷாஃப்டுக்குள் ஒரு லோகோமோட்டிவ் விழுந்து கூண்டில் மோதி 104 பேர் இறந்தார்கள். அந்த எண்ணை மறந்துவிட்டு இங்கே யாரும் வேலை பார்க்க முடியாது.

கயிறு வேண்டாம், உயரமான கோபுரம் கட்டி அதன் உச்சியிலிருந்து ராக்கெட் விடலாமே என்றும் கேட்கிறார்கள். காற்றடைத்து நிறுத்தும் 20 கி.மீ. கோபுரத்துக்குக் கனடாவின் தாத் நிறுவனம் 2015-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. உலகின் மிக உயரமான கட்டடமான புர்ஜ் கலீஃபாவே 828 மீட்டர்தான். அப்படியே கட்டினாலும் சுற்றுப்பாதைக்குத் தேவை உயரத்தைவிட வேகம், நொடிக்கு 7.8 கி.மீ. அந்த வேகத்துக்கு வேண்டிய ஆற்றலோடு ஒப்பிட்டால் 20 கி.மீ. ஏற்றம் ஒரு சதவீதம்கூட இல்லை. காற்று மெலிதாக இருக்கும் என்ற லாபம் உண்டு, அவ்வளவே. இதற்காகக் கோபுரம் கட்டுவது வீண் என்பது என் கருத்து.

விண்வெளி லிஃப்ட் முடியாது என்று சொல்ல எனக்கு மனமில்லை. பூமியில் 2050 என்பதை மட்டும் நான் நம்பவில்லை. சந்திரனுக்கு ஒன்று போடலாம் என்ற யோசனையைப் பியர்சனே 1970-களில் ஆராய்ந்திருக்கிறார். அங்கே ஈர்ப்பு பூமியில் உள்ளதில் ஆறில் ஒரு பங்குதான். காற்றில்லை, மின்னலில்லை. இன்று நூற்பாலையிலிருந்து வரும் ஸைலான் போன்ற இழைகளே அங்கே போதும் என்கிறது கணக்கு. ஆளேற்றாமல், மண்ணையும் கல்லையும் மட்டும் தூக்கும் கயிறாகத் தொடங்கலாம். எங்கள் பாஷையில் சொன்னால் ஆளேறும் கூண்டுக்கு முன், பாறை ஏற்றும் பெட்டியான ஸ்கிப். அறுந்தாலும் ஓர் உயிர் போகாது, அறுந்ததிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

இதைச் சொன்னதும் அந்தப் பெண் சந்திரக் கயிற்றுக்கு எங்கள் சூத்திரத்தைப் பொருத்த உட்கார்ந்துவிட்டாள். தேய்மானத்துக்கு 10 சதவீதம் விட்டு ஆரம்பி, வெட்டிச் சோதிக்க உபரி நீளம் எந்த முனையில் இருக்கும் என்று முதலில் எழுது என்றேன். "இரண்டு முனையிலும் வைக்கக் கூடாதா அங்கிள்?" என்கிறாள். வைக்கலாம்தான். அந்த எடையையும் கயிறுதான் தூக்க வேண்டும், அதையும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறோம்.