ஒரு பாதை அறுந்தாலும் எழுத்து நிற்கக் கூடாது: ஐஸ்கஸியும் மல்டிபாத்தும் படித்த அனுபவம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்து, கோயம்புத்தூரில் சர்வர் பராமரிப்பு வேலையில் சேர்ந்து சில ஆண்டுகள் ஆன பிறகு, ரெட் ஹேட் நிறுவனத்தின் இஎக்ஸ்436 என்னும் கிளஸ்டர் (ஒன்றுக்கொன்று துணையாக இயங்கும் சர்வர் கூட்டம்) தேர்வுக்குத் தயாரானேன். தேர்வில் வந்த கேள்விகளை வெளியில் சொல்வதில்லை என்று கையொப்பம் இட்டிருப்பதால் அவற்றைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பாடத்தில் என்னை அதிக நாள் உட்கார வைத்த ஒரு பகுதியை, அதாவது லினக்ஸ் சர்வரை நெட்வொர்க் வழியாக ஸ்டோரேஜுடன் (தரவு வைக்கும் வட்டுகளுடன்) இரண்டு பாதைகளில் இணைப்பதை, எப்படிப் படித்தேன் என்பதை மட்டும் எழுதுகிறேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் இந்தத் துறைக்கு வருகிறார்கள். அவர்களுக்கு இது பயன்பட வேண்டும் என்பதே என் விருப்பம்.

படி, எழுது என்று வட்டுக்கு இடப்படும் ஸ்கஸி கட்டளைகளை டிசிபி என்னும் வழக்கமான நெட்வொர்க் இணைப்புக்குள் வைத்து அனுப்பும் முறைக்குத்தான் ஐஸ்கஸி என்று பெயர். 2004ஆம் ஆண்டில் ஆர்எஃப்சி 3720 என்ற இணையத் தரநிலை ஆவணமாக வெளிவந்த இம்முறையில், வட்டைக் கொடுக்கும் பக்கம் டார்கெட், கேட்டு வாங்கும் பக்கம் இனிஷியேட்டர். டார்கெட் வழக்கமாக 3260 என்ற போர்ட்டில் (நெட்வொர்க் வாசல் எண்ணில்) காத்திருக்கும். ஒரே வட்டுக்கு இரண்டு பாதைகளில் லாகின் செய்தால் லினக்ஸ் அதை எஸ்டிபி, எஸ்டிசி என்று இரண்டு வட்டுகளாகவே காட்டும். இரண்டிலும் ஒரே டபிள்யூடபிள்யூஐடி எண் (வட்டுக்கே உரிய அடையாள எண்) இருப்பதைப் பார்த்து, இவை ஒன்றுதான் என்று அறிந்து, எம்பாத்ஏ போன்ற ஒற்றைப் பெயரில் கட்டிக் கொடுப்பது மல்டிபாத்தின் வேலை. இவ்வளவும் ஒரு மாலையில் புரிந்துவிடும்.

பயிற்சிக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. என் மடிக்கணினியில் இரண்டு மெய்நிகர் கணினிகளை வைத்துத் தொடங்கினேன். ஒன்றில் டார்கெட் அமைக்கும் கருவியான டார்கெட்சிஎல்ஐ நிறுவி, ஒரு கோப்பையே வட்டாகக் காட்டினேன். அதன் அடியில் இயங்கும் எல்ஐஓ என்ற டார்கெட் நிரல், 2011இல் வெளிவந்த 2.6.38 பதிப்பு முதல் லினக்ஸின் மையமான கெர்னலிலேயே இருக்கிறது. டார்கெட்டை உருவாக்கும்போது எல்லா முகவரிகளிலும் கேட்கும் ஒரு போர்ட்டல் (முகவரியும் போர்ட்டும் சேர்ந்த நுழைவாயில்) தானாகவே வந்துவிடும். அதை நீக்கினால்தான் நமக்கு வேண்டிய இரண்டு முகவரிகளைத் தனித்தனியே சேர்க்க முடியும். மெய்நிகர் கணினியை நகலெடுத்துப் பயன்படுத்துவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இனிஷியேட்டரின் ஐக்யூஎன் என்ற அடையாளப் பெயரும் நகலில் அப்படியே வந்துவிடும் என்பதால், இரண்டு சர்வர்கள் ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டு டார்கெட்டிடம் போகும். பெயரை மாற்றினால் பின்னணியில் இயங்கும் ஐஸ்கஸிடி சேவையை மறுதொடக்கம் செய்து, டார்கெட்டின் அனுமதிப் பட்டியலிலும் புதிய பெயரைச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் 24 என்ற எண்ணுடன் அனுமதி மறுப்புப் பிழை வரும்.

நான் வழுக்கி விழுந்த இடம் இதற்கு அடுத்தது. இரண்டு நெட்வொர்க் கார்டுகளுக்கும் ஒரே சப்நெட்டில் (முகவரித் தொகுதியில்) முகவரி கொடுத்திருந்தேன். டிஸ்கவரி செய்ததும், அதாவது டார்கெட்டைத் தேடியதும், இரண்டு போர்ட்டல்களும் வந்தன, லாகின் ஆயிற்று, 'மல்டிபாத் -எல்எல்' கட்டளை இரண்டு வரிகளைக் காட்டியது, இரண்டிலும் 'ஆக்டிவ் ரெடி ரன்னிங்' என்று இருந்தது. பாடம் முடிந்தது என்று நம்பி, மெய்நிகர் கணினியின் அமைப்பில் முதல் கார்டின் கேபிளைத் துண்டித்தேன். சிறிது நேரத்தில் இரண்டு வரிகளும் சேர்ந்தே 'ஃபெயில்டு ஃபால்ட்டி' ஆயின. இரண்டாவது கார்டைத் தொடவே இல்லையே என்று இரவு முழுவதும் மல்டிபாத் அமைப்புக் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வேலையிடத்தில் மூத்த சகா ஒருவரிடம் சொன்னேன். அவர் பொள்ளாச்சிக்காரர், எங்கள் ஊர்ப் பாதைகளை நன்கு அறிந்தவர். "தம்பி, கோயம்புத்தூருக்கு வேலந்தாவளம் வழியாவும் போலாம், கோபாலபுரம் பொள்ளாச்சி சுத்தியும் போலாம். ஆனா ரெண்டு பஸ்ஸும் உங்க ஊரு ஸ்டாண்டுல ஒரே வாசல்ல வெளிய வந்தா, அந்த வாசலை அடைச்ச அன்னைக்கு எந்த வழியில போவீங்க? ஐபி ரூட்டைப் பாருங்க" என்றார்.

எந்த முகவரிக்கு எந்தக் கார்டு வழி என்று காட்டும் கட்டளை அது. பார்த்தேன். ஒரே சப்நெட்டுக்கு இரண்டு கார்டுகள் இருந்தபோதிலும், கெர்னல் தன் ரூட் அட்டவணையில் முதலில் பொருந்திய கார்டு வழியாகவே இரண்டு போர்ட்டல்களுக்கும் போய்க்கொண்டிருந்தது. மல்டிபாத் எண்ணியது செஷன்களை, அதாவது லாகின் ஆன இணைப்புகளை. அவை எந்தக் கார்டு வழியாகப் போகின்றன என்பது அதற்குத் தெரியாது. ஒரு கார்டுக்கு 192.168.11, மற்றதற்கு 192.168.12 என்று சப்நெட்டுகளைப் பிரித்து, டார்கெட்டிலும் அவ்வாறே போர்ட்டல்களை மாற்றியதும், ஒன்றைத் துண்டித்தால் ஒன்று மட்டும் விழுந்தது. உண்மையான இயந்திர அறையில் இதே கேள்வியை ஸ்விட்ச், ஸ்டோரேஜின் கண்ட்ரோலர், மின் இணைப்பு வரை ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். இரண்டு கேபிள்களும் ஒரே ஸ்விட்ச்சில் குத்தப்பட்டிருந்தால் அங்கே இருப்பது ஒரே பாதைதான்.

அடுத்தது, பாதை விழுந்ததைக் கணினி உணர எடுத்துக்கொள்ளும் நேரம். இதைக் கண்ணால் பார்க்க ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதினேன்: வினாடிக்கு ஒரு முறை நேரத்தைக் கோப்பில் எழுதி, ஒவ்வொரு வரிக்குப் பின்னும் சிங்க் செய்யும், அதாவது உடனே வட்டுக்குத் தள்ளும். சிங்க் இல்லாவிட்டால் எழுத்து நினைவகத்தில் தங்கிவிடும். வட்டு போனது தெரியவே தெரியாது. கேபிளைத் துண்டித்தபோது 9:14:05 என்ற வரிக்கு அடுத்த வரி 9:14:18. பதின்மூன்று வினாடிகள் சர்வர் காத்திருந்து, பின்பு மற்ற பாதையில் எழுதத் தொடங்கியிருக்கிறது. ஐஸ்கஸியின் அமைப்புக் கோப்பில் ரீப்ளேஸ்மெண்ட் டைம்அவுட் (விழுந்த பாதை திரும்பக் காத்திருக்கும் நேரம்) 120 வினாடி என்று இருக்க, எப்படி இவ்வளவு சீக்கிரம் மாறியது என்று குழம்பினேன். செஷன் விவரத்தை விரித்துப் பார்த்தபோது அதே காத்திருப்பின் நடப்பு மதிப்பான ரெக்கவரி டைம்அவுட் 5 என்று இருந்தது. புதிய பதிப்புகளில் மல்டிபாத்தின் பின்னணிச் சேவையான மல்டிபாத்டி, தன்னுடைய 'ஃபாஸ்ட் ஐஓ ஃபெயில்' மதிப்பை அதன் மேல் எழுதிவிடுகிறது. அதன் இயல்பு மதிப்பு 5. மீதி நேரம் பாதை விழுந்ததை உணர்வதற்கே போனது. மல்டிபாத் இல்லாத இடத்தில் ஐஸ்கஸி கோப்பின் மதிப்பே ஆளும். ஆனால் அந்தக் கோப்பைத் திருத்தினால், இனிமேல் டிஸ்கவரி செய்யப்படும் டார்கெட்டுகளுக்குத்தான் அது பொருந்தும். ஏற்கெனவே பதிவானவற்றை இனிஷியேட்டரை நிர்வகிக்கும் ஐஸ்கஸிஏடிஎம் கட்டளையின் அப்டேட் மூலம் மாற்றி, மறுபடி லாகின் செய்ய வேண்டும். கோப்பில் இருப்பதை நம்பாமல், ஓடிக்கொண்டிருக்கும் செஷனில் இருப்பதைப் பாருங்கள்.

இரண்டு பாதைகளும் போய்விட்டால் என்ன செய்வது என்பதையும் நாமே முடிவு செய்ய வேண்டும். மல்டிபாத் அமைப்புக் கோப்பில் 'நோ பாத் ரீட்ரை' என்ற இடத்தில் 'க்யூ' என்று கொடுத்தால், பாதை திரும்பும் வரை எழுத்து வரிசையில் காத்திருக்கும். பாதை திரும்பவே இல்லையென்றால் அந்த நிரல்களைக் கொல்லவும் முடியாது, சர்வரை அணைப்பதும் பெரும்பாடாகும். 12 (முறை) என்று கொடுத்து, சோதனை இடைவெளி 5 வினாடியாக இருந்தால், ஏறத்தாழ ஒரு நிமிடம் காத்திருந்து பிழை சொல்லிவிடும். கிளஸ்டரில் மற்றொரு சர்வர் பொறுப்பேற்கக் காத்திருக்கும்போது எண் கொடுப்பதே நல்லது என்பது என் கருத்து.

கணினி எழும்போது எந்த வட்டை எங்கே மவுண்ட் செய்வது (இணைப்பது) என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதும்போது எஸ்டிபி போன்ற பெயரைப் பயன்படுத்தாதீர்கள். அடுத்த முறை அந்தப் பெயர் வேறு வட்டுக்குப் போகலாம். '_நெட்டெவ்' என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், நெட்வொர்க் எழும்முன்னே வட்டைத் தேடிக் கிடைக்காமல் கணினி எமர்ஜென்சி மோடில் நின்றுவிடக்கூடும். எக்ஸ்எஃப்எஸ், எக்ஸ்ட்4 போன்ற கோப்பு முறைமையை ஒரே நேரத்தில் இரண்டு சர்வர்களில் மவுண்ட் செய்தால் தரவு சிதையும் என்பதையும் பயிற்சிக் கணினியிலேயே மனத்தில் பதிய வைத்துக்கொள்ளுங்கள்.

ரெட் ஹேட் தேர்வுகள் செய்முறைத் தேர்வுகள். நீங்கள் அமைத்தது மறுதொடக்கத்துக்குப் பிறகும் தானாக நிற்க வேண்டும்; 300க்கு 210 எடுத்தால் தேர்ச்சி. இணையம் கிடைக்காது, மேன் பக்கங்கள் (கணினியிலேயே இருக்கும் கட்டளைக் கையேடு) கிடைக்கும். ஆகவே ஐஸ்கஸிஏடிஎம் மேன் பக்கத்தின் கடைசியில் இருக்கும் எடுத்துக்காட்டுகளையும், மல்டிபாத் அமைப்புக் கோப்பின் மேன் பக்கத்தையும் முன்னதாகவே பலமுறை புரட்டி, எது எங்கே இருக்கிறது என்று கைக்குப் பழக்கிவிடுங்கள். கட்டளைகளை மனப்பாடம் செய்வதில் நான் செலவிட்ட வாரம் வீண்தான். கடைசிப் பத்து நாள்களில் தினமும் வெறும் கணினியிலிருந்து தொடங்கி, முழுவதையும் அமைத்து, ஒரு கேபிளைத் துண்டித்து, திரும்பச் செருகி, பாதை மீண்டும் 'ஆக்டிவ்' ஆனதைப் பார்த்து, மறுதொடக்கம் செய்து, வட்டு தானாக மவுண்ட் ஆனதா என்று சரிபார்த்தேன். முதல் நாள் இரண்டு மணி நேரம் ஆனது, பத்தாம் நாள் இருபத்தைந்து நிமிடம் ஆனது. தேர்வு அறையில் கடைசி அரை மணி நேரத்தை வேறு எதற்கும் கொடுக்காமல், மறுதொடக்கத்துக்கும் அதன் பின்னான சரிபார்ப்புக்கும் மட்டுமே வைத்துக்கொண்டேன்.