பட்டம் விட்ட விவசாயிகள்

பஞ்சாபுக்கும் ஹரியானாவுக்கும் இடையிலுள்ள ஷம்பு எல்லையில் 2024 பிப்ரவரியில் எடுக்கப்பட்ட காணொளி ஒன்றை இன்று பார்த்தேன்.

ஹரியானா காவல்துறையின் டிரோன் வானிலிருந்து கண்ணீர்ப்புகைக் குண்டுகளைப் போட, பஞ்சாப் விவசாயிகள் அதை நூலில் சிக்கவைக்கப் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். வசந்த பஞ்சமிக்கு அங்கே வழக்கமாக விடும் பட்டங்கள்தாம் அவை.

முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளின் மேல் வீசப்பட்ட கண்ணீர்ப்புகையைப் போர்முறையாகப் பயன்படுத்தக் கூடாதென்று 1993-இல் கையெழுத்தான இரசாயன ஆயுத உடன்படிக்கை தடுக்கிறது. அதே உடன்படிக்கை, உள்நாட்டுக் கலவரத்தை அடக்குவதற்கு அதை அனுமதிக்கிறது.

எதிரிப் படைவீரன்மீது வீசக்கூடாததை, விளைபொருளுக்கு விலை உத்தரவாதம் கேட்டு டிராக்டரில் வந்தவர்மீது வீசலாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எத்தனை குண்டுகள், யார் உத்தரவில் வீசப்பட்டன என்ற கணக்கையாவது அரசு மக்கள்முன் வைக்க வேண்டும்.