பம்புக்கு அடியில ஒரு பச்சைச் சொட்டு

லோயர் கேம்ப் தாண்டி குமுளி மலை ஏறுறேன். டெம்பரேச்சர் முள் விறுவிறுன்னு மேல போகுது. ஏசியை அணைச்சு, எஞ்சின் சூட்டை வெளிய இழுக்க ஹீட்டரைப் போட்டு (வெயில்ல அது தனி தண்டனை), ஓரங்கட்டினேன்.

ரேடியேட்டர் மூடியைத் தொறக்கப் போனேன். பின்னாடி வந்த ஏலத்தோட்டத்து ஜீப்காரர் கத்தினார்: "கையை எடுங்க சார், வெந்துரும்!"

சூடு அடங்கினதும் அவரே டார்ச் அடிச்சுக் காட்டினார். கூலண்டை (எஞ்சினைக் குளிர வைக்கிற பச்சைத் திரவம்) சுத்த விடுற வாட்டர் பம்புக்கு அடியில சின்ன ஓட்டை. அதுலருந்து காய்ஞ்ச பச்சைக் கறை, கோடு மாதிரி. நுனியில ஒரு சொட்டு.

"ஓட்டை கம்பெனியே வச்சது சார். உள்ள சீல் போனா இது வழியா அழுது காட்டும்."

பம்போட புல்லியை, அதான் பெல்ட் ஓடுற சக்கரத்தை, பிடிச்சு ஆட்டினார். லொடலொடன்னு ஆடுச்சு.

"கீச்சுன்னு சத்தம் வரலியா?"

வந்துச்சு. ரெண்டு வாரமா. பாட்டைக் கூட்டி வச்சு ஓட்டுனேன்.

கம்பம் ஊர்ல ஒரு ஒர்க்‌ஷாப்புல பம்பைக் கழட்டினாங்க. என் வண்டியில ஃபேன் பெல்ட்தான் பம்பைச் சுத்துது, மதியத்துக்குள்ள முடிஞ்சது. எஞ்சினுக்குள்ள இருக்குற டைமிங் பெல்ட் பம்பைச் சுத்துற வண்டின்னா பெல்ட், பம்பு ரெண்டையும் சேர்த்தே மாத்திரணுமாம், இல்லாட்டி பிரிச்சு மாட்டுற கூலி ரெண்டு தடவை.

பழைய பம்பைக் கையில குடுத்தார் மெக்கானிக். உள்ள இறக்கையெல்லாம் துரு அரிச்சுக் கிடக்கு.

"கூலண்டா ஊத்துனீங்க?"

குறையக் குறைய நான் ஊத்துனது போர் தண்ணி. நான் வாயே தொறக்கல.