அட்டைப்பெட்டிக்குள் ஒரு சின்ன அறை

என் மகனுக்கு இப்போது ஐந்து வயது. பிறந்ததும் அழவில்லை. மூளைக்கு ஆக்சிஜன் போகாததால் பார்வை, கை கால் அசைவு, பேச்சு எல்லாமே பாதிக்கப்பட்டன. கண் நன்றாகத்தான் இருக்கிறது, மூளைதான் காட்சியை வாங்கிக்கொள்ளவில்லை என்றார் டாக்டர்.

முதலில் போன பயிற்சி மையத்தில் அவன் விரல்களைப் பிரித்து மணிகளுக்குள் அழுத்துவார்கள். வீட்டில் நானும் அதையே செய்தேன். கடைசியில் எதைத் தொட்டாலும் கையை இறுக்கி மூடிக்கொள்ளப் பழகினான்.

அப்புறம் கிடைத்த ஒரு சிறப்பாசிரியர், டென்மார்க்கின் லில்லி நீல்சன் உருவாக்கிய 'லிட்டில் ரூம்' பற்றிச் சொன்னார். பார்வைக் குறையுள்ள பிள்ளை உள்ளே படுத்துக்கொண்டு, தொங்கும் பொருட்களைத் தானாகவே தொட்டு விளையாடும் சின்னப் பெட்டி அறை அது. வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டியில் ஒரு பக்கத்தை வெட்டி, உள்ளே கறுப்புத் துணி ஒட்டினோம். சிவப்பும் மஞ்சளும்தான் அவன் கண்ணில் கொஞ்சம் படும், அதுவும் பின்னால் வேறெதுவும் இல்லாவிட்டால். மேலே குச்சி கட்டி எவர்சில்வர் கரண்டி, சாவிக்கொத்து, கொட்டாங்குச்சி, சிவப்பு பிரஷ் எல்லாவற்றையும் எலாஸ்டிக்கில் தொங்கவிட்டோம். கழுத்தில் சுற்றாத அளவுக்குக் குட்டையாக. ஆள் பக்கத்தில் இல்லாமல் அவனை உள்ளே விடுவதே இல்லை. அடியில், ஓரச் சட்டம் அடித்துத் தரையிலிருந்து ஓர் அங்குலம் தூக்கிய மெல்லிய பிளைவுட். குதிகாலால் தட்டினால் அதிர்வு முதுகுவரை வரும்.

எலாஸ்டிக்கில்தான் சூட்சுமமே. இவனைப் போன்ற பிள்ளைக்குக் கைநழுவிய பொருள் காணாமல் போன பொருள்தான். இழுத்து விட்டது அதே இடத்துக்குத் திரும்பி வந்தால்தான் மறுபடி தேடத் தோன்றும். அதனால் எதையும் இடம் மாற்றவில்லை.

பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு மதியம், அவன் கை பட்டுக் கரண்டி சாவியில் இடித்தது. மறுபடியும் இடித்தது. "அப்படித்தான் ராசா, இன்னொரு தடவை!" என்றார் அத்தை. அவ்வளவுதான், விளையாட்டை விட்டுவிட்டு எங்கள் குரலைக் கேட்க ஆரம்பித்துவிட்டான். அவன் விளையாடும்போது நாங்கள் வாய் திறக்காமல் இருப்பதுதான் இந்த முறையில் மகா கஷ்டம்.

அடுத்து என்ன என்று அவன் தொட்டுத் தெரிந்துகொள்ள, சாப்பாட்டுக்கு முன் ஸ்பூன், குளியலுக்கு முன் துண்டு என்று அடையாளப் பொருட்களும் வைத்திருக்கிறோம். அவன் கையை நான் பிடிப்பதில்லை. என் கையின் மேல் அவன் கை இருக்கும். போன வாரம் ஸ்பூனைத் தொட்டுப் பார்த்துத் தள்ளிவிட்டான். சரி, பசியில்லை போலிருக்கிறது என்று அரை மணி நேரம் கழித்துத்தான் இட்லியை எடுத்தேன்.