ஆறிய ரசம்

ரசக் கிண்ணத்தின் வெளிப்புறத்தைப் புறங்கையால் ஒரு நொடி தொட்டுப் பார்த்தார் அந்த இளைஞர். ஒன்றும் கேட்காமல் எடுத்துச் சென்று, ஆவி பறக்கும் இன்னொரு கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார்.

நுங்கம்பாக்கத்தில் இன்று மதியம் நாங்கள் சாப்பிட்ட உயர்தர உணவகத்தில், மனத்தில் நின்றது அது ஒன்றுதான். (வாழைப்பூ வடையின் மேல் நுரை எதற்கு என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.)

பில்லில் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், அதையும் சேர்த்த தொகைக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் இருந்தன. சேவைக் கட்டணத்தை உணவகங்கள் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுத்துச் சொன்னதும் மேலாளர் மறுபேச்சின்றி நீக்கிவிட்டார். கேட்காதவர்களிடம் மட்டும் வாங்குவார்கள் போலும்.

சுவையில் குறை சொல்ல நம்மிடம் எத்தனையோ சொற்கள் இருக்கின்றன. கவனித்துப் பரிமாறுவதைப் பாராட்டவோ, பந்தியில் இலை பார்த்துப் பரிமாறும் பெரியம்மாவைப் போல என்று மட்டும்தான் எனக்குச் சொல்லத் தெரிகிறது.

நீக்கிய தொகையை அந்த இளைஞரின் கையிலேயே கொடுத்தேன்.

வாங்குவதற்கு முன், மேலாளர் நின்ற பக்கம் அவர் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.