கிக், பேஸ்: ஏழாவது மிக்ஸில் பிடிபட்டது

நேற்று ராத்திரி மச்சானின் கார், அம்மாவின் போன், தெருமுனை டீக்கடை ப்ளூடூத் பெட்டி என்று மூன்றிலும் நான் மிக்ஸ் செய்த (தனித்தனி ட்ராக்குகளை அளவு பார்த்துக் கலந்த) ஒரே பாட்டை அடுத்தடுத்து ஓட்டினேன். மூன்றிலும் பேஸ் லைன் (பாட்டின் கீழ்ச்சுர வரிசை) படி இறங்கி வருவது தெளிவாகக் காதில் விழுந்தது. இரண்டரை மாதம், ஏழு மிக்ஸ். சூடு ஆறுவதற்குள் எழுதி வைக்கிறேன்.

பாட்டு ஏ மைனர். பேஸ் ஏ, ஜி, எஃப், ஈ என்ற நோட்டுகளாக இறங்கும்: 55, 49, 43.7, 41.2 ஹெர்ட்ஸ். நாலாவது மிக்ஸ் வரை என் அறையில் அருமையாக இருந்தது. காரில் போட்டால் ஏ வரும்போதெல்லாம் கதவு அதிர்ந்தது. போனில் பேஸே கிடையாது. மொத்த பேஸையும் ஏற்றுவதும் இறக்குவதுமாக நாலு மிக்ஸ் போயிற்று.

முடிச்சை அவிழ்த்தவர் எங்கள் ஏரியா மைக் செட் அண்ணன். தன் 18 இன்ச் பெட்டியில் போட்டுக் கேட்டுவிட்டு, "தம்பி, ஒரே ஒரு நோட்டுதான் பொட்டிய உடைக்குது, மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார். பேஸ் அதிகம் என்று அவர் சொல்லவில்லை. ஒரு நோட்டு என்றார். இருபது வருஷமாகக் கோயில் கொடையிலும் கல்யாணத்திலும் பெட்டி இறக்குகிறவர் காது அது.

வீட்டுக்கு வந்து டேப் வைத்து அளந்தேன். ஸ்பீக்கருக்குப் பின்சுவரிலிருந்து எதிர்ச்சுவர் 10 அடி. அந்த நீளத்தில் அரை அலை அடங்குகிற அதிர்வெண் சுமார் 56 ஹெர்ட்ஸ், ஏ நோட்டை ஒட்டினாற்போல. சுவரோரத்தில் அது உப்பும், நடுவில் ஒன்றுமில்லாமல் போகும். என் நாற்காலி சரியாக 5 அடியில் கிடந்தது. அறையின் ஒலியை அளக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளில் அளந்தபோது அதே இடத்தில் 11 டெசிபல் பள்ளம். அதை நிரப்பத்தான் நான் அறியாமலே 55-ல் 5 டெசிபல் ஏற்றியிருக்கிறேன். பள்ளம் என் அறையோடு நின்றுவிடும், ஏற்றிய 5 டெசிபல் பாட்டோடு ஊரெல்லாம் போகும். நாற்காலியை ஸ்பீக்கருக்குப் பின்சுவரிலிருந்து 3.8 அடிக்கு நகர்த்தினேன், அந்த ஈக்யூவை (குறிப்பிட்ட அதிர்வெண்ணில் கொடுத்த ஏற்றத்தை) கழற்றினேன். காரில் கதவு அடங்கியது. அளவு மைக் இல்லாதவர்கள் 55 ஹெர்ட்ஸ் சைன் டோனை (ஒரே அதிர்வெண் மட்டும் உள்ள ஒலியை) ஓடவிட்டு அறைக்குள் நடந்து பாருங்கள், காதே சொல்லிவிடும்.

கிக் (காலால் அடிக்கிற பெரிய ட்ரம்மின் சத்தம்) பெரிய வேலை வைக்கவில்லை. சாம்பிளின் அடிச்சத்தமும் 55-லேயே உட்கார்ந்திருந்தது. மூன்று செமிடோன் (அரைச்சுரம்) ஏற்றி 65-க்குக் கொண்டுபோனேன். சைட்செயினில், அதாவது கிக் விழும்போதெல்லாம் பேஸைத் தானாகத் தணிக்கிற ஏற்பாட்டில், பேஸ் 3 டெசிபல் மட்டும் இறங்கி ஏறுகிறது. அடியின் முனை தெரிய 3.5 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் ஏற்றம். அவ்வளவுதான்.

போன்தான் உயிரை எடுத்தது. போன் ஸ்பீக்கரில் 300-க்குக் கீழே உருப்படியாக ஒன்றும் வராது. ஆனால் 330, 385, 440 என்று 55 இடைவெளியில் ஹார்மோனிக்ஸ் (அடி அதிர்வெண்ணின் மடங்குகள்) கேட்டால், இல்லாத 55-ஐக் காது தானே போட்டுக்கொள்ளும். அதனால் பேஸ் ட்ராக்கை நகலெடுத்து, ஹை-பாஸ் (கீழ் அதிர்வெண்களை வெட்டும் ஃபில்டர்) போட்டு, டிஸ்டார்ஷன் (ஒலியை உடைத்துப் புது ஹார்மோனிக்ஸ் உண்டாக்குவது) கொடுத்து, அசலுக்கு அடியில் லேசாகக் கலப்பது வழக்கம். எல்லோரும் செய்வதுதான். நானும் செய்தேன். போனில் பேஸ் வந்தது, ஹோம் தியேட்டரில் சதை, அதாவது பேஸின் கனம், போய்விட்டது. நகலை மியூட் செய்தால் சதை திரும்புகிறது! ஒரு ட்ராக்கைச் சேர்த்தால் சத்தம் எப்படிக் குறையும் என்று மூன்று வாரம் மண்டை காய்ந்தேன்.

காரணம் இரண்டு. ஒன்று, ஹை-பாஸை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் மட்டும் வைத்திருந்தேன். டிஸ்டார்ஷன் 165-க்கும் 220-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடித்து 55-ஐத் திரும்ப உண்டாக்கும். அது அசல் 55-ஓடு முட்டுகிறது. பின்னாலும் ஒரு ஹை-பாஸ் போட்டதும் அது நின்றது. இரண்டாவதுதான் விஷமம். நான் வைத்தது 150 ஹெர்ட்ஸில் ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும்) 24 டெசிபல் சரிவு. அந்தச் சரிவுள்ள பட்டர்வொர்த் ஃபில்டர், வெட்டும் இடத்தில் ஃபேஸை (அலை ஏறி இறங்கும் நிலையை) 180 டிகிரி திருப்பிவிடும். அதாவது 150-ல் நகல் அசலுக்கு நேர் எதிராக நிற்கிறது. ஜியின் மூன்றாவது ஹார்மோனிக் 147, ஏயின் மூன்றாவது 165. சதை இருக்கிற இடமே அதுதான். போலாரிட்டியைத் திருப்பினால் (நகலின் அலையை அப்படியே தலைகீழாக்கினால்) அங்கே சரியாகிறது, ஆனால் 500-க்கு மேலே எதிராகிவிடுகிறது. போனுக்கு வேண்டியது போய்விடும்.

கடைசியில் இரண்டு ஹை-பாஸையும், ஃபேஸை இப்படித் திருப்பாத லீனியர் ஃபேஸுக்கு மாற்றினேன். ரெக்கார்டிங் மென்பொருளான ரீப்பரோடு வரும் ரீஃபிர் ஃபில்டர் போதும், காசு கொடுத்து எதுவும் வாங்கவில்லை. ப்ரீ-ரிங்கிங் (அடி விழுவதற்கு முன்பே லேசாகக் கேட்கும் ரீங்காரம்) வரும் என்று பயந்தேன். பேஸில் கேட்கவில்லை, கிக்கில் மட்டும் போடாதீர்கள். நகலில் மேலே 3 கிலோஹெர்ட்ஸில் லோ-பாஸ் (அதற்கு மேலுள்ளதை வெட்டும் ஃபில்டர்). மானிட்டரில் (மிக்ஸ் செய்யும் ஸ்பீக்கரில்) நகல் தனியாகத் தெரியக்கூடாது, மியூட் செய்தால்தான் குறை தெரிய வேண்டும்.

இன்னொன்று: ராத்திரி ஒரு மணிக்கு யாரையும் எழுப்பாமல் மெதுவாக வைத்து மிக்ஸ் செய்வதை விட்டுவிட்டேன். சத்தம் குறைந்தால் காதுக்கு பேஸ்தான் முதலில் மங்கும். ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே வரைந்து காட்டியது. மங்கியதை ஏற்றி வைத்துக் காலையில் கேட்டால் வயிறு குலுங்குகிறது. வால்யூம் குமிழில் வெள்ளை பெயிண்ட்டால் ஒரு கோடு போட்டிருக்கிறேன், பேஸைத் தொடும்போது குமிழ் அங்கேதான்.

அறையின் பின்மூலைகளுக்கு பேஸை உறிஞ்சும் ராக்வூல் (கல் பஞ்சு) வாங்க விசாரித்தேன். கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி கேட்டால் கடைக்காரர் எடுத்துக்காட்டுவது கையில் அமுங்குகிற கண்ணாடிப் பஞ்சு. இன்னும் இரண்டு இடம் பார்க்க வேண்டும். அதற்குள் ரிச்சி ஸ்ட்ரீட் போய் 4 இன்ச் ஃபுல்ரேஞ்ச் டிரைவர் (எல்லா ஒலியையும் தானே தரும் ஒற்றை ஸ்பீக்கர்) ஒன்று எடுத்து, மூடிய சின்னப் பெட்டி அடிக்கலாம் என்றிருக்கிறேன். ஸ்டூடியோக்களில் மிக்ஸைச் சோதிக்க வைக்கும் ஆரட்டோன் 5சி பெட்டி மாதிரி ஒற்றை டிரைவர், மோனோ. டீக்கடைப் பெட்டியை மேஜை மேலேயே கொண்டுவந்த மாதிரி இருக்கும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் படியிறங்கி ஓட வேண்டாம்.

பாக்கி இருப்பது ஈ. 41 ஹெர்ட்ஸ் என் 5 இன்ச் மானிட்டரில் பாதிகூட வராது, ஹெட்போனை நம்பித்தான் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோயில் கொடைக்கு அண்ணன் பெட்டி இறக்குகிறார். மதியம் செக்கிங் நேரத்தில் பென் டிரைவோடு வரச் சொல்லியிருக்கிறார்.